வெள்ளிக்கிழமைக்குள் ஒரு புகார்

மாரிட் டோலெஃப்சன் சம உரிமை அலுவலர் ஆனது, கூட்டத்தின் நடுவே காபி ஊற்றிக்கொள்ள எழுந்து போன நேரத்தில். ஹால்வர்டன் பள்ளி மாவட்டத்தில் பொறுப்புகள் அப்படித்தான் பங்கிடப்படும். யார் அறையில் இல்லையோ அவர் தலையில். அவள் கோப்பையோடு திரும்பி வந்தபோது எல்லோரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டில் கடைசிக் கேக் துண்டு பாதியாக வெட்டப்பட்டு, அந்தப் பாதியும் பாதியாக வெட்டப்பட்டுக் கிடந்தது. கடைசித் துண்டை முழுசாக எடுத்துக்கொள்ளும் துணிச்சல் அந்த ஊரில் யாருக்கும் கிடையாது. வேண்டாம் என்று சொல்லும் துணிச்சலும் அப்படித்தான். மாரிட் உட்கார்ந்து காபியைக் குடித்தாள். அலுவலர் ஆகிவிட்டாள்.

அது நடந்து பல வருஷங்கள் ஆகின்றன. உடற்பயிற்சிக் கூடத்துக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒரு அறிவிப்பு தொங்கியது. இனம், நிறம், பிறந்த நாடு, பால், உடற்குறை இவற்றில் எதன் பேரிலாவது பாகுபாடு காட்டப்பட்டதாக நினைப்பவர்கள் மாரிட் டோலெஃப்சனை அணுகவும். யாரும் அணுகியதில்லை. ஒரு தடவை ஒரு பெண் அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். மாரிட் அதைப் பார்த்துவிட்டாள். சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனாள். அந்தப் பெண் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

அந்த மௌனத்தை அவள் நல்ல வானிலையைப் போல எடுத்துக்கொண்டிருந்தாள். தன்னால் வந்ததல்ல, ஆனாலும் அதற்குள் வாழ்வது சுகமாக இருந்தது. வருகைப் பதிவு, பஸ் தாமதம், காணாமல் போன கையுறைகள் என்று அவளுடைய உண்மையான வேலைகள் நாளை நிரப்பின. சுவருக்கு அந்தப் பக்கம் கோரின் டுஃபோவின் வாசிப்பு அறை. வாசிக்கத் திணறும் சின்னப் பிள்ளைகளைத் தனியாக அழைத்து வந்து அங்கே வாசிக்க வைப்பார்கள். எழுத்துக் கூட்டும் குரல்கள் நாள் முழுதும் சுவர் வழியாகக் கசிந்து வரும். அவற்றில் ஒரு குரல் மட்டும் தடுக்காமல் ஓடும். அதைக் கேட்கும்போதெல்லாம் மாரிட், கோரினுக்கு இறைவன் நல்ல கை கொடுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வாள்.

ஏப்ரலில், ஏரியில் பனி உடைய ஆரம்பித்த வாரம், வாஷிங்டனிலிருந்து கடிதம் வந்தது.

எல்லாப் பிள்ளைகளையும் சமமாக நடத்துகிறோம் என்று மாவட்டம் உறுதிமொழி தர வேண்டும். பாகுபாடு குறித்த புகார்கள் எப்படிப் பெறப்பட்டு எப்படித் தீர்க்கப்பட்டன என்று எழுத வேண்டும். சம உரிமை அலுவலர் தன் பெயரில் கையெழுத்திட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் மத்திய அரசின் பணம் நிற்கும். பொய் என்று தெரிந்தால் கையெழுத்திட்டவர் கோர்ட் ஏற வேண்டியிருக்கும். கோரினின் அறை அந்தப் பணத்தில்தான் நடந்தது. கோரினின் சம்பளமும்.

பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர் வெண்டல் பிராஸ்க் ஆறடிக்கு மேல் உயரமானவர், முன்னாள் கூடைப்பந்துப் பயிற்சியாளர், யாராவது குரலை உயர்த்தினால் உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்பவர். அவர் மினியாபொலிஸிலிருந்த மாவட்டத்தின் வக்கீலம்மாவுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். புகார் எத்தனை என்று வக்கீல் கேட்டார். ஒன்றும் இல்லை என்று மாரிட் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"ஒண்ணுகூடவா?"

"எங்க ஊர்ல யாரும் அப்படியெல்லாம்..."

"உங்க ஊரு நல்ல ஊருன்னு நான் நம்பறேன்மா. வாஷிங்டன்ல இதப் படிக்கறவங்க நம்ப மாட்டாங்க. ஒண்ணுமே வரலேன்னா ரெண்டுல ஒண்ணுதான். யாருக்கும் எந்தக் குறையும் இல்ல, இல்லேன்னா சொன்னாக் கேக்க ஆளில்ல. முதல் வகை ஊரை நான் இன்னும் பாத்ததில்ல."

"அப்போ என்ன செய்யணும்?" என்று வெண்டல் கேட்டார்.

பொய்யாக எதுவும் எழுதச் சொல்லவில்லை என்று வக்கீல் மூன்று விதமாகச் சொன்னார். குடும்பங்களைப் போய்ப் பாருங்கள், கேளுங்கள், ஏதாவது இருக்கும் என்றார். போனை வைத்ததும் வெண்டல் தன் பாஷையில் அதை மொழிபெயர்த்தார்.

"ஒரு புகார் வேணும் மாரிட். சின்னதா, சுத்தமா. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து, வெள்ளிக்கிழமைக்குள்ள தீந்துடணும்."

மாரிட் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். வண்டிச் சக்கரம் முழுதும் சேறு. ஒவ்வொரு வீட்டிலும் காபி. இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டாள். பள்ளியில் ஏதாவது குறை உண்டா என்று கேட்டாள். எல்லோரும் பதறினார்கள். குறையா, அதெல்லாம் ஒன்றுமில்லை, எல்லாம் நல்லபடியாகப் போகிறது. ஒருவர், கொடுக்க ஒரு குறைகூட இல்லாமல் அவளை வெறுங்கையோடு அனுப்புவதற்காக மன்னிப்புக் கேட்டு, உறையவைத்த மீன் இரண்டு பொட்டலம் கொடுத்தனுப்பினார். சக்கர நாற்காலியில் வரும் பையனின் தாய் லவானுக்கு, பள்ளிக்கு நன்றி சொல்லி மாளவில்லை. முன்வாசல் சரிவு உடைந்ததிலிருந்து அவள் மகன் பின்பக்கம், குப்பைத் தொட்டிகள் இருக்கும் வழியாகத்தான் உள்ளே போகிறானாம். "அந்தப் பக்கம் குளிர் காத்து அவ்வளவா அடிக்கறதில்ல, அதுவும் ஒரு நல்லதுதானே" என்றாள். மாரிட் தலையாட்டி, அவள் பெயருக்கு நேரே குறை இல்லை என்று எழுதிக்கொண்டு கிளம்பினாள்.

அவசரத்தில் அவள் ஒன்றைச் செய்யாமல் விட்டாள். ஹால்வர்டனில் விடைபெறுதல் என்பது ஒரு நீண்ட காரியம். மேசையில் எழ வேண்டும், கதவருகே நிற்க வேண்டும், கோட்டை மாட்டிக்கொண்டு மறுபடி நிற்க வேண்டும், வண்டிவரை கூடவே வருவார்கள், ஜன்னலை இறக்கி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். முக்கியமான விஷயங்களை அந்த ஊர்க்காரர்கள் மேசையில் பேசுவதே இல்லை. பிறந்ததிலிருந்து அந்த ஊரில் இருந்தவள் அவள், தெரியாமலில்லை. ஆனால் அந்த வாரம் எழுந்தவுடன் வண்டியைக் கிளப்பிவிட்டாள். கையில் அரசாங்கக் காரியம் இருக்கிறது என்ற நினைப்பு ஆளை எப்படி மாற்றிவிடுகிறது என்று பிறகுதான் யோசித்தாள்.

புதன்கிழமை வெண்டலே ஒரு புகாரோடு வந்தார். முகத்தில் வேட்டைக்குப் போய்த் திரும்பியவனின் களை.

"ஆர்விட் தர்றேன்னுட்டாரு."

ஆர்விட் ஸ்கோக்லுண்ட் பஸ் ஓட்டுபவர், ஸ்வீடன் வம்சம். ஊரில் மற்றவர்கள் பெரும்பாலும் நார்வே வம்சம் என்பதால் மே மாதத்தில் நார்வேயின் தேசிய நாளுக்குப் பள்ளியில் கொடி, ஊர்வலம், இனிப்பு என்று எல்லாம் உண்டு. ஸ்வீடனுக்கு ஒரு மெழுகுவத்திகூடக் கிடையாது. முப்பது வருஷமாக அவர் இதைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். பிறந்த நாட்டின் பேரில் பாகுபாடு. வெண்டலுக்கு இதைவிடச் சுத்தமாக ஒன்று கிடைக்காது. தீர்வும் கையிலேயே இருந்தது. மேஜை ஓரத்தில் ஒரு ஸ்வீடன் கொடி.

மாரிட் முறைப்படி எழுதினாள். எந்தத் தேதி, யார் முன்னிலையில், மனதுக்கு எவ்வளவு வலித்தது. ஆர்விட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பதில் சொன்னார். கடைசியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் வெளுத்தது.

"மாரிட், இதுல பாதிக்கப்பட்டவர்னு போட்டிருக்கியே, அது யாரு?"

"நீங்கதான்."

"நானா?"

"அப்படித்தான் எழுதணும் ஆர்விட்."

அவர் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை, பஸ்ஸை நிறுத்திய கையோடு, ஒரு தட்டு நிறைய ருபார்ப் கேக்கோடு வந்து நின்றார். ராத்திரி தூங்கவில்லையாம். மனைவி நார்வே வம்சமாம்; அவளுக்குக்கூட இன்னும் சொல்லவில்லையாம். வழியில் பார்த்த நார்வேக்காரர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். எதற்கு என்று தெரியாமலே அவர்களும் மன்னித்திருக்கிறார்கள். "என்ன மன்னிச்சுடு. நான் பாதிக்கப்படல" என்று சொல்லி, காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்.

வக்கீலுக்குப் போன் போட்டார்கள். நடந்ததைச் சொன்னார்கள்.

"கொடுத்துட்டு வாபஸ் வாங்கிட்டாரா? வேலை பாக்கறவரா? ஐயோ. மிரட்டி வாபஸ் வாங்க வச்ச மாதிரி இருக்குமே. ஒண்ணும் இல்லாம இருந்திருந்தாலே தேவலையே."

அன்று மதியம் வெண்டல் ஜன்னலைப் பார்த்தபடியே, பட்டியலில் மீதி இருப்பவர்களைப் பற்றிச் சொன்னார். வான்கோழி ஆலைக்கு அருகே இருக்கும் சோமாலியக் குடும்பங்கள். "அவங்ககிட்ட ஏதாவது இருக்கும்" என்றார். மாரிட்டுக்குச் சுருக்கென்றது. அவர்களிடம் குறை இருக்கும் என்று இத்தனை நிச்சயமாகத் தெரிந்திருந்தால் அவர்களை ஏன் கடைசியில் வைத்தோம்? இந்தக் கேள்வியை அவரிடம் கேட்கவில்லை. பட்டியலை வரிசைப்படுத்தியது அவள்தான்.

ஹோதான் வர்சாமே ஆலையில் இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்திருந்தாள். ஏலக்காய் போட்ட டீயும் சம்பூசாவும் கொண்டுவந்து வைத்தாள். மாரிட் இரண்டு தடவை வேண்டாம் என்றாள். ஹோதானும் சரியாக மூன்றாம் தடவை கேட்டாள். பள்ளியைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மாரிட் கேட்டபோது, ஹோதான் தலையைச் சற்றே சாய்த்து, ஊர்க்காரி ஒருத்தியைப் போலவே, எல்லாம் நல்லபடியாகப் போகிறது, குறை என்று ஒன்றுமில்லை என்றாள். மகள் இஃப்ரா சோபாவில் கால்களை மடக்கி உட்கார்ந்து, எரிமலைகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, பக்கத்தைத் திருப்பினாள்.

மாரிட் எழுதிக்கொண்டாள், நன்றி சொன்னாள், கிளம்பினாள். வண்டி கிளம்பவில்லை. பின்சக்கரம் சேற்றில் புதைந்து, அழுத்தின அழுத்தலில் இன்னும் ஆழமாக இறங்கியது. ஹோதான் செருப்பை மாட்டிக்கொண்டு, வீட்டுப் பூனை மலங்கழிக்கப் போடும் மண் மூட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். சக்கரத்துக்கு அடியில் அதைக் கொட்டினாள். "மெதுவா, மெதுவா குடுங்க" என்று பின்னாலிருந்து தள்ளினாள். மாரிட்டும் இறங்கித் தள்ளினாள். ஸ்டியரிங்கில் யாரும் இல்லை என்பது இருவருக்கும் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. இரண்டு பேரும் முழங்கால்வரை சேறோடு நின்று சிரித்தார்கள். பிறகு மாரிட் உள்ளே ஏறி ஜன்னலை இறக்கினாள். கிளப்பிப் பார்க்கவில்லை. ஹோதான் ஜன்னல் விளிம்பில் கை வைத்து நின்றாள். பனி உருகும் சத்தம் கேட்டது.

"இஃப்ரா இங்கதான் பொறந்தா, மிஸஸ் டோலெஃப்சன். இந்த ஊரு ஆஸ்பத்திரிலதான். முதல்ல பேசினதே உங்க இங்கிலீஷ்தான். எங்கிட்ட சோமாலி பேசச் சொன்னா சிரிக்கறா."

மாரிட் சாவியிலிருந்து கையை எடுத்தாள்.

"பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வீட்டுல என்ன பாஷைன்னு கேட்டாங்க. உள்ளதச் சொன்னேன். அன்னிலேருந்து மத்த புள்ளைங்க சயின்ஸ் படிக்கறப்போ இவ அந்த ரூம்ல பூனை, பாய், தொப்பின்னு சின்னச் சின்ன வார்த்தையா படிச்சிட்டிருக்கா. ரெண்டு வருஷமா. டீச்சர் ரொம்ப நல்லவங்க. அதான் சொல்லல."

"நான் உள்ள கேட்டேனே, ஹோதான்."

"உள்ள கேட்டா யாரு சொல்லுவா?" அவள் லேசாகச் சிரித்தாள். "வந்த புதுசுல நான் எல்லாத்தையும் சொல்லுவேன். கடையில, ஆலையில, எங்கயும். எல்லாரும் சிரிச்ச முகமா ஒரு அடி பின்னால போயிடுவாங்க. அப்புறம் கத்துக்கிட்டேன்."

திரும்பும் வழியெல்லாம் மாரிட்டுக்கு அந்தக் குரல்தான் காதில் கேட்டது. சுவர் வழியாகத் தடுக்காமல் ஓடிவந்த குரல். இரண்டு வருஷம் அவள் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். கோரினின் கைராசி என்று. அந்தக் குழந்தை எரிமலையிலிருந்து இறங்கிவந்து பூனையையும் பாயையும் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறது. மாரிட்டோ அதன் சரளத்தில் நிம்மதி கண்டிருக்கிறாள். காதுக்கு இதமாக இருந்தால் நியாயமாகவும் இருக்கும் என்று நம்புவது எவ்வளவு சுலபம். பிறகு லவான் ஞாபகத்துக்கு வந்தாள். குளிர் காற்று அவ்வளவாக அடிக்காத குப்பைத் தொட்டி வழி. மாரிட் வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவளிடம் எல்லோரும் சொல்லித்தான் இருக்கிறார்கள். நன்றியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வாசிப்பு அறையில் கோரின் சின்ன நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மாரிட்டும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மாரிட் விஷயத்தைச் சொன்னதும் கோரின் ஒரு நாற்காலியைக் கீழே வைத்து அதிலேயே உட்கார்ந்தாள். முழங்கால் தாடையை இடித்தது.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"முதல் வாரமே தெரியும். ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன். பாஷை பேர்ல வந்த புள்ளைய எடுக்கறதுக்குத் தனிப் பரீட்சை, அதுக்குத் தனி ஆளு, அவரு வர்றதுக்கு வருஷம்னாங்க. அப்புறம் நானும் விட்டுட்டேன். அவ இருந்தா மத்ததுங்க பயமில்லாம படிக்குது மாரிட். ஒரு எழுத்துல மாட்டிக்கிட்டா அவதான் காதுல சொல்லிக் குடுப்பா. எனக்கு சம்பளமில்லாத ஒரு டீச்சர் கிடைச்ச மாதிரி இருந்துது. நான் அவள விடல. அதுதான் நெசம்."

"நான் இத எழுதப்போறேன்."

"எழுது." கோரின் சுவரில் ஒட்டியிருந்த எழுத்து அட்டைகளைப் பார்த்தாள். "ரூமை மூடிட்டாங்கன்னா? டால்டன் இன்னிக்குத்தான் ஒரு முழு வரி படிச்சான். என்ன வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னா உனக்குத் தூக்கம் வருமாடி?"

"வராது."

"அப்பவும் எழுதுவியா?"

மாரிட் ஒரு நாற்காலியைத் தூக்கினாள். மற்றவற்றையும் அடுக்க உதவினாள்.

வீட்டில் அன்று அவள் உறைந்த மீனைப் பொரித்தாள், பாத்திரம் கழுவினாள். தன்னையே ஒரு புகார்தாரரைப் போல எதிரில் உட்காரவைத்துக் கேட்டுப் பார்த்தாள். கையெழுத்துப் போடாவிட்டால் டால்டன் அடுத்த வரியைப் படிக்க மாட்டான். எல்லாம் சமம் என்று போட்டால் இஃப்ரா பாயிலேயே இருப்பாள். பயம் கோர்ட்டுக்கு அல்ல என்று தெரிந்தது. ஊரில் யாரோ ஒருவர் முகம் சுளிக்கும்படி தன் பெயரில் ஒரு வாக்கியம் இருக்கப்போகிறது, அதுதான் பயம். ஐம்பத்து நான்கு வயதில் இதைக் கண்டுபிடிப்பது வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு அடியில் ஏதோ ஒன்று இலேசாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக அவள் நேரே மூன்றாம் வகுப்புக்குப் போய், சயின்ஸ் வகுப்பு ஆசிரியையிடம் இஃப்ரா இனி இங்கேதான் இருப்பாள் என்று சொன்னாள். யார் அனுமதி என்று ஆசிரியை கேட்டாள். சம உரிமை அலுவலர் என்று மாரிட் சொன்னாள். அந்தப் பதவியை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆசிரியை சரி என்றுவிட்டாள். அவ்வளவு சுலபமாக இருந்தது மாரிட்டுக்கு ஒரு கணம் கோபத்தைக்கூட வரவழைத்தது.

பிறகு உட்கார்ந்து எழுதினாள். ஹோதானின் வார்த்தைகளையே எழுதினாள். பெயர் வேண்டாம் என்று ஹோதான் சொல்லவில்லை. மாரிட் போனில் இரண்டு தடவை கேட்டும் போடுங்கள் என்றாள். லவானைக் கேட்டுக்கொண்டு குப்பைத் தொட்டி வழியையும் எழுதினாள். பிறகு இப்படி முடித்தாள்: ஒன்று இன்று காலை சரிசெய்யப்பட்டது, ஆனால் அதேபோல் வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்று இன்னும் பார்க்கவில்லை. மற்றது சரிசெய்யப்படவில்லை. இவை தவிர நான் சரியாகக் காது கொடுக்காமல் வந்த வீடுகள் பல. ஆகவே இந்த மாவட்டம் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக நடத்துகிறது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நடத்த முயல்கிறது என்றும் இந்த வாரத்திலிருந்துதான் சொல்ல முடியும். கீழே கையெழுத்துப் போட்டாள்.

வெண்டல் நின்றபடியே வாசித்தார். ஒரு கட்டத்தில் உட்கார்ந்தார். வாசித்து முடித்ததும் ஜன்னலருகே போய் வண்டிகள் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது... வேற மாதிரி இருக்கு" என்றார்.

அந்த ஊரில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துச் சொல்லக்கூடிய அதிகபட்சக் கண்டனம் அது. மாரிட்டின் காது மடல் சுட்டது.

"நீங்க கையெழுத்துப் போடற இடம் ரெண்டாம் பக்கத்துல இருக்கு வெண்டல்."

"பணம் நின்னுடும் மாரிட். கோரின் போயிடுவா. நேரம் ஒத்துவராததால ஒரு பாடவேளை மாத்தப்பட்டதுன்னு எழுதினா போதுமே. அதுவும் பொய் இல்லையே."

"பொய் இல்ல. ஆனா ஹோதான் அதச் சொல்லல."

"அவ படிக்கப் போறாளா என்ன?"

"நான் படிப்பேனே."

பயிற்சியாளராக இருந்த காலத்தில் தோற்கப்போகும் ஆட்டத்தில் கடைசி நிமிஷம் அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அனுப்பும் பொத்தானை அழுத்தப்போவது நீங்கள்தான் என்பதுபோல நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் தள்ளினார். மாரிட் அனுப்பினாள்.

பதில் வர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் விரலை எடுப்பதற்குள் வந்துவிட்டது என்றே தோன்றியது. நன்றி. உங்கள் உறுதிமொழி ஏற்கப்பட்டது. நிதி வழக்கம்போல் தொடரும். இது தானியங்கிச் செய்தி, பதில் அனுப்ப வேண்டாம்.

வெண்டல் அதை இரண்டு முறை உரக்க வாசித்தார். பிறகு அந்தப் பெரிய உடம்போடு மாரிட்டைக் கட்டிக்கொள்ளப் பார்த்து, பாதியில் கூச்சப்பட்டு, அவள் தோளைத் தட்டினார். கோரினைக் கூப்பிட்டார்கள். கோரின் அழுதாள், சிரித்தாள், ஆர்விட்டின் கேக்கில் பெரிய துண்டாக எடுத்துத் தின்றாள். யாரும் படிக்கவில்லை என்று மாரிட் சொன்னாள். படிக்காதது நல்லதாகப் போயிற்று என்று வெண்டல் சொன்னார். வக்கீலும் போனில் அதையே சொல்லி, இனி இப்படி எழுதும் முன் தன்னைக் கேட்கும்படியும் சொன்னார்.

மாரிட் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். பூட்டியிருக்கிறது என்று நினைத்துத் தோளால் இடித்த கதவு திறந்தே கிடந்து, இடித்த வேகத்தில் உள்ளே போய் விழுந்தவளைப் போல இருந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை துணிந்து எழுதியதை இயந்திரம் ஏப்பம்கூட விடாமல் விழுங்கிவிட்டது. யாருக்காக எழுதினோம் என்று யோசித்தாள். வாஷிங்டனுக்காக இல்லை என்றால் அந்தப் பயம் எல்லாம் வீண். வாஷிங்டனுக்காக என்றால் அந்த எழுத்து வீண். இரண்டில் எது தேவலை என்று தெரியவில்லை. ஜன்னல் வழியே, தோட்டத்தில் சயின்ஸ் வகுப்புப் பிள்ளைகள் குட்டைத் தண்ணீரைப் போத்தலில் மொண்டு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பது தெரிந்தது. இஃப்ரா எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் நின்றாள். சொல்லப்போனால், கொஞ்சம் அதிகமாகவே தள்ளினாள்.

ஹோதான் ஆலையில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை, யாரும் ஒரு அடி பின்னால் போகவில்லை என்று. லவானும் தேவாலயத்தில் காபி ஊற்றும்போது சொல்லியிருப்பாள். திங்கட்கிழமை காலை மாரிட் வந்தபோது அவள் அறைக்கு வெளியே நடைகூடத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருந்த நாற்காலிகள் நிறைந்து, இரண்டு பேர் சுவரோரம் நின்றார்கள். ஒருத்தி தலையில் முக்காடு. ஒருவர் தலையில் தானியக் கிடங்கின் பெயர் போட்ட தொப்பி. ஒருவர் மாரிட்டின் சொந்தச் சித்தப்பா மகன். எல்லோரும் தற்செயலாக அந்தப் பக்கம் வந்ததைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"யாரு முதல்ல?" என்று மாரிட் கேட்டாள்.

பேச்சு நின்றது. தொப்பிக்காரர் முக்காடு போட்டவளிடம், நீங்கள்தான் முதலில் வந்தீர்கள் என்றார். அவள், தனக்கு அவசரமில்லை, நின்றுகொண்டிருப்பவர் போகட்டும் என்றாள். நின்றவர், தான் சும்மா நிற்கிறேன் என்றார். அது அப்படியே வரிசையில் கடைசிவரை போய், அங்கே திரும்பி, மறுபடி முதல் நாற்காலிக்கு வந்து சேர்ந்தது. யாரும் எழவில்லை. யாரும் கிளம்பவும் இல்லை. மாரிட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதவ வேண்டும் போலிருந்தது. உதவக் கூடாது என்றும் தோன்றியது. காபிக்குக்கூட நகரவில்லை.

முதல் மணி அடித்தது. கடைசியில் தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி, மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் தலையசைத்துவிட்டு எழுந்தார்.

"பெருசா ஒண்ணுமில்ல" என்றபடி உள்ளே வந்து, கதவைத் தானே சாத்தினார்.